ரெண்டு பேர் கூடாரம்

திருப்பூர்க்காரன் கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, “நூத்தி அறுவது இருக்கும்” என்பான். ஜிஎஸ்எம் கணக்கு அது; ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கிற சாக்கில் சட்டைக் கையையும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுகிற ஊர் இது. மகனுக்கு வந்த பார்சலைப் பிரித்தபோது நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

“எழுவதுகூட வராது போல இருக்குதே கண்ணு. ஏமாத்திப்புட்டான்.”

“அப்பா, அது பனியன் இல்லீங்க. கூடாரம். எடை கம்மியா இருந்தாத்தான் வெலை ஜாஸ்தி.”

வாழ்நாளெல்லாம் எடைக்குக் காசு வாங்கிப் பழகியவனுக்கு இது புது வியாபாரம்.

பையன் பயந்துபோய் இதை வாங்கியதிலும் நியாயம் உண்டு. 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரில் கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோய், சுமார் 800 பேர் சுற்றிலும் தண்ணீரோடு மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் அன்றைக்கு ஒரே நாளில் பெய்தது கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். எங்கள் ஊருக்கு ஒரு வருஷத்துக்கே அவ்வளவு கிடையாது. அடுத்த வருஷம் ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டி, சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் உருண்டுகொண்டு போனதைச் செல்போனில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தான். ஸ்ரீவைகுண்டத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டுத்தான் அத்தனை பேரும் பசியாறினார்கள் என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களை ஆன்லைனில் ஆர்டர் போட முடியாதே.

வந்த பார்சலுக்கு ‘எழுபத்திரண்டு மணி நேரப் பை’ என்று பெயர். மூன்று நாளைக்கு யார் தயவும் இல்லாமல் இருக்கலாமாம். உள்ளே இருந்தவை: மடக்குக் கூடாரம், அலுமினியப் பூச்சு போட்ட, சிப்ஸ் பாக்கெட் போலச் சரசரக்கிற போர்வை, உறிஞ்சினால் குட்டைத் தண்ணியும் சுத்தமாகிற குழாய், விசில், தலையில் மாட்டுகிற லைட், கரண்டியும் முள்ளும் ஒன்றாகவே பிறந்த ஒரு சாமான், திசைகாட்டி. எங்கள் வீட்டில் கிழக்கு எது என்பது சாமி ரூமை வைத்துத்தான் தெரியும். காட்டுக்குள் போய்த் தொலைந்தால் சாமி ரூமைத் தேடுவதா, திசைகாட்டியைத் தேடுவதா என்று என் வீட்டுக்காரி கேட்டது நியாயமான கேள்வி.

கூடாரத்தின் மேல் ‘3000 மில்லிமீட்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவ்வளவு மழை தாங்கும் என்று அர்த்தம் இல்லை. அந்தத் துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூணாக நிறுத்தினாலும் கசியாது என்பதுதான். துணி கசியாது, சரி. தையல்? ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றால் அங்குலத்துக்குப் பத்து ஓட்டை. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மேல்தளத் தையலுக்கு டேப் ஒட்டியிருந்தார்கள். மூலைத் தையலுக்கு இல்லை. செக்கிங்கில் உட்கார்ந்திருந்தால் அந்த பீஸை ஒதுக்கிவைத்திருப்பேன். “அஞ்சுக்கு நாலு ஸ்டார் போட்டிருக்காங்கப்பா” என்றான் மகன். ஸ்டார் போட்டவர்கள் யாரும் மூலையில் படுக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் காலத்திலும் அவசரப் பயணங்கள் இருந்தன. அதற்கென்று பைதான் இல்லை. பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது பாதித் திருப்பூர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. நான் அப்போது பனியன் கம்பெனியில் கைமடிக்கிற பையன். எனக்கு அது நீண்ட லீவு, அவ்வளவுதான். சரியாக மாட்டிக்கொண்டது 1987 டிசம்பர் 24ஆம் தேதி. விடியும் முன்பே எம்.ஜி.ஆர். போய்விட்டார் என்று சேதி. முதலாளி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, “ஊருக்குப் போறவங்க போயிருங்கப்பா, எப்பத் தெறப்பன்னு எனக்கே தெரியாது” என்றார். பஸ் இல்லை, டீக்கடை இல்லை, சைக்கிளில் போகிறவனைக்கூட நிறுத்தி விசாரித்தார்கள். மத்தியானம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்துவிட்டு, காங்கேயம் ரோட்டுப் பையன்கள் நாலு பேர் நடக்கத் தொடங்கினோம்.

கையில் இருந்தது இவ்வளவுதான்: ஆளுக்கொரு துப்பட்டி. ஒரு தூக்குப்போசி, அதில் காலையில் தின்னாத சோறு. ஒருத்தனிடம் பேட்டரி லைட்டு. கம்பெனியில் நூல் வந்த சாக்கு ரெண்டு, அதற்குள்ளிருந்த பாலிதீன் உறையோடு. சாக்கை எதற்கு எடுத்தோம் என்றால், அது சும்மா கிடைத்தது. சும்மா கிடைக்கிற எதையும் விட்டுவிட்டு வருகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

நல்லூர் தாண்டியதும் ரோடு ஆளற்றுப் போனது. படியூருக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. மார்கழிப் பனி வேறு. ரோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் தீ தெரிந்தது. ஆட்டுப் பட்டி. நாய் குரைத்த குரைப்பில் பட்டிக்காரர் எழுந்து வந்து, நாங்கள் திருடர்கள் இல்லை என்று தூக்குப்போசியைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அவர் தங்கியிருந்த குடிசையை இன்றைக்கு யாராவது படம் பிடித்துப் போட்டால் வெளிநாட்டில் அதற்கு விருதே கொடுப்பார்கள். ஆள் நீளம், மண்டிபோட்டு நுழைகிற உயரம், மேலே பனையோலை, அடியில் ரெண்டு மூங்கில். ரெண்டு பேர் தூக்கினால் நகரும். காட்டுக்கு ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் சமமாக விழ வேண்டும் என்று படலைப் பிடுங்கி இடம் மாற்றி இடம் மாற்றிப் பட்டி போடுவார்கள். பட்டியோடு வீடும் போகும். கம்பு இல்லை, கிளிப்பு இல்லை, படிக்க வேண்டிய தாளும் இல்லை. அவர் தோளில் கிடந்த சாக்குதான் மழைக்கோட்டு. சாக்கின் அடிமூலை ஒன்றை உள்ளே குத்தித் தள்ளி, இன்னொரு மூலைக்குள் சொருகினால் தலைக்குக் கூம்பு கிடைத்துவிடும். மிச்சம் முதுகை மூடிக்கொண்டு தொங்கும். கொங்காடை என்போம். விடிந்ததும் அதையே உதறி ஆட்டுக்குத் தழை கட்டிக் கொண்டுவருவார். ஒரே பொருள் நாலு வேலை செய்யும் என்று மகனின் பையில் எட்டு இடத்தில் எழுதியிருந்தது. சாக்கில் மில்லின் பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாங்கள் துப்பட்டியை ரெண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு நடுங்கியதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

“மேல போத்தறதுக்கு ஏங் கண்ணு இப்பிடி அடிச்சுக்கறீங்க? மொதல்ல கீழ போடுங்க. குளுரு ஆகாசத்துல இருந்தா வருது? மண்ணுலிருந்து ஏறுது.”

பாலிதீனை விரித்து, சாக்கைக் கிழித்து அதன்மேல் போட்டு, ரெண்டு கட்டுச் சோளத்தட்டைப் பரப்பி, அதற்கு மேல்தான் படுக்கச் சொன்னார். தட்டு நொறுங்கி முதுகில் குத்தியது. ஆனால் நடுக்கம் நின்றது. தரை தொட்ட இடத்திலெல்லாம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நடுவில் காற்று நிற்கிற மாதிரி எதையாவது போட்டால்தான் அது விடும். இன்று இதையே ‘ஆர் மதிப்பு’ என்று எண் போட்டு விற்கிறார்கள். மகன் வாங்கிய ஊதுகிற பாய்க்கு அந்த எண் ரெண்டு. சோளத்தட்டுக்கு எத்தனை என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்தால் மாடுகள் பட்டினி கிடக்கிற விலைக்குப் போய்விடும்.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. காலையில் எழுந்தபோது எங்கள் எல்லார் மேலும் உண்ணி. ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மா வாசலிலேயே நிற்கவைத்துத் தண்ணி ஊற்றினாள். அன்றைக்கு மழை இல்லாததால் பிழைத்தோம். நல்ல மழையில் சாக்கு கல்லாகக் கனக்கும், துப்பட்டி இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று. பஞ்சில் தின்று பஞ்சில் உடுத்திய நானே சொல்கிறேன்: அவசரப் பயணத்துக்குப் பருத்தியை நம்பக் கூடாது. காய்ந்து கிடக்கும்போதே எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரம் வைத்திருக்கிற நூல் அது. பாலியஸ்டர் அரைப் பங்குகூட வைக்காது. நனைந்த பனியன் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும். பாலியஸ்டரை உதறிப் பிழிந்து போட்டுக்கொண்டு நடக்கலாம். இதைக் காதர்பேட்டை பனியன் சந்தையில் நின்று சத்தமாகச் சொல்லிவிட முடியாது.

அன்று காலை ஊருக்குப் போகிற வழியில் சிவன்மலைக் கோயில் அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டுப் போனோம். அந்தக் கோயிலில் ஆண்டவன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து சொல்கிற பொருளை உத்தரவுப் பெட்டியில் வைப்பார்கள். எதை வைக்கிறார்களோ அதற்கு நாட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று நம்பிக்கை. தார்ப்பாயை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வைத்திருந்தால் 2018க்கு முன்னால் வைத்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தெருக் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரி நிறையத் துணி அனுப்பினோம். திருப்பூரிலிருந்து எதற்கும் துணிதான் போகும். நிலநடுக்கம் என்றாலும் பனியன், தீ விபத்து என்றாலும் பனியன். அந்த லாரியில் போனது ஒரு ஆர்டர் கேன்சல் ஆன சரக்கு: நெஞ்சில் கிறிஸ்துமஸ் பனிமனிதன் சிரிக்கிற, உள்பக்கம் பஞ்சு சீவிவிட்ட முழுக்கை சட்டை, 280 ஜிஎஸ்எம். கூடவே நானும் போனேன். பட்டுக்கோட்டைக்கு அந்தப்பக்கம் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன, ஓடும் கீற்றும் இல்லாமல் சுவர்கள் மட்டும் நின்றன. பனிமனிதனை மரியாதையாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “தார்ப்பாய் இருக்குதாங்க?”

பக்கத்து ஊரில் யாரோ கொடுத்துவிட்டுப் போன நீலத் தார்ப்பாயை விரல் தானாகவே தேய்த்துப் பார்த்தது. தொண்ணூறு இருக்கும். ஓரத்து வளையக் கண்ணில் கயிறு கட்டியவர்களுக்கு ரெண்டாம் நாளே கண் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு ஆயா மட்டும் கண்ணைத் தொடவே இல்லை. மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டைக் கல்லை அடியில் வைத்து, பாயோடு சேர்த்துப் பிடித்து, கழுத்து மாதிரி வந்த இடத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டது. எங்கே வேண்டுமோ அங்கே கல், அங்கே கயிறு.

“ஓட்டையில கட்டுனா ஓட்டைதான் பெருசாவும் தம்பி. கல்லுல கட்டுனா காத்து கல்லத்தான் இழுக்கும்” என்றது.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, செஞ்சிலுவைச் சங்கத்தாரும் ஐ.நா. அகதிகள் முகமையும் உலகம் முழுக்க ஒரே தார்ப்பாயைத்தான் கொடுக்கிறார்கள்: நாலு மீட்டருக்கு ஆறு மீட்டர், 200 ஜிஎஸ்எம்முக்குப் பக்கத்தில், நடுவில் கறுப்பு நெசவு, ரெண்டு பக்கமும் பூச்சு, ஓரத்தில் பட்டையாக வலு. கூடாரம் கொடுப்பதைவிட ரெண்டு தார்ப்பாயும் கயிறும் சுத்தியலும் ஆணியும் கொடுப்பது மேல் என்பது அவர்கள் அனுபவம். தார்ப்பாய் கூரை ஆகும், சுவர் ஆகும், தரை ஆகும், நெல் மேல் மூடலாம், மழைத் தண்ணி பிடிக்கலாம், நடக்க முடியாதவரைத் தூக்கலாம். கூடாரம் கூடாரம் மட்டும்தான் ஆகும். மகனிடம் சொன்னேன். “தார்ப்பாயப் பையில வெச்சா அசிங்கமா இருக்கும்ப்பா” என்றான். அதுவும் உண்மை.

1987க்கும் 2018க்கும் நடுவில் எங்கள் ஊருக்கே வெள்ளம் வந்த 2011ஐயும் சொல்லிவிட வேண்டும். அந்த ஜனவரியில் நொய்யலைக் கெடுத்ததற்காகச் சாயப்பட்டறைகளை ஐகோர்ட் மூடச் சொன்னது. நவம்பரில் அதே நொய்யலும் ஓடைகளும் திரண்டு வந்து கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போயின. வருஷக்கணக்கில் சாயமே ஓடிய ஆற்றில் நிஜமாகவே தண்ணீர் வரும் என்று கரையில் குடியிருந்தவர்களுக்கும் தோன்றவில்லை, குடியேறவிட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்தது கொரோனா: 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்து, பன்னிரண்டு மணியிலிருந்து ஊரடங்கு. வடநாட்டுப் பையன்கள் ரூமுக்குள் மாட்டிக்கொண்டார்கள்; மே மாதம் தொழிலாளர் சிறப்பு ரயில் விட்டபோது மூட்டையோடு கிளம்பினார்கள். அவர்கள் மூட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகில் ஒரு பை, கையில் மூடி போட்ட இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட். உள்ளே சட்டி, அரிசி, துணி. மூடினால் வரிசையில் நிற்கும்போது உட்கார ஸ்டூல். உள்ளதைக் கொட்டிவிட்டால் குளிக்க, தண்ணி பிடிக்க. மழையில் எத்தனை நேரம் நின்றாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது, தையலே கிடையாது பாருங்கள். அவசரப் பயணத்துக்கு இதைவிடக் கெட்டிக்காரச் சாமானை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. விலை, பழைய பக்கெட் என்றால் சில பத்து ரூபாய்.

அவர்கள் போன அதே மாதங்களில் திருப்பூர் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடுப்புக்கும் மாறியது. தலை முதல் கால் வரை மூடுகிற அந்த உடுப்பில்தான் எங்களுக்குத் தையல் ஓட்டை என்பது புத்தியில் உறைத்தது. கோயம்புத்தூர் சிட்ராவில் செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு பாய்ச்சிச் சோதிப்பார்கள். துணி பாஸாகும், தையலில் கோட்டைவிட்டால் போச்சு. சூடான காற்றில் டேப் ஒட்டுகிற மிஷினுக்காக ஆளாளுக்கு அலைந்தோம். அந்த மிஷின்கள் சும்மா நின்ற பிறகு, இனிமேல் மழைக்கோட்டும் கூடாரமும் நாமே தைக்கலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். பேச்சுக்கு டேப் ஒட்டத் தேவையில்லை.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தை மொட்டைமாடியில் கட்டிப் பார்த்தான். கான்கிரீட்டில் ஆணி இறங்கவில்லை. நாலு மூலைக்கும் நூல் கோன் பெட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தினான். ராத்திரி உள்ளே படுத்தவன் நடுச்சாமத்தில் “ஒழுகுதுப்பா” என்று எழுப்பினான். மழையே இல்லை. ஒற்றைத் துணிக் கூடாரம். அவன் விட்ட மூச்சே உள்பக்கம் பட்டு வேர்த்து அவன் மேல் சொட்டியிருக்கிறது. மேலேயும் கீழேயும் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காற்றோட்டம் விட்டால் சரியாகும். திறந்தால் கொசு. கரூர்க் கொசுவலையே மேல் என்றாள் என் வீட்டுக்காரி.

எங்கள் பவர் டேபிள் தையல்கூடத்தில் வேலை செய்கிற ஒடிசாப் பையன் ஒருவன் மாடிக்குத் தண்ணி டேங்க் பார்க்க வந்தவன், கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“இதுல எத்தன ஆளுங்கண்ணா?”

“ரெண்டு பேரு” என்றான் மகன்.

“ரெண்டே ரெண்டு பேரா?”

அவன் கேட்ட தொனி என்னைக் கணக்குப் போடவைத்தது. ஆபத்துக் காலத்தில் தங்கவைக்கும் இடத்துக்கென்று உலக அளவில் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள்: ஒரு ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர், சமைக்கக் குளிக்க வேறு இடம். புயலோ போரோ வந்து எல்லாம் போனவனுக்கு இதற்குக் கீழே கொடுக்காதே என்பது ஏற்பாடு. அந்தப் பையன் இருக்கிற லைன் ரூம் பத்துக்குப் பத்தடி. ஒன்பது சதுர மீட்டரும் சொச்சமும். ஆறு பேர். அதற்குள்ளேயே சமையலும். ஆளுக்கு ஒன்றரை வருகிறது. 1987இல் நான் இருந்த ரூமை நினைத்துப் பார்த்தேன்; அதுவும் இதே கணக்குத்தான், வாடகை மட்டும்தான் அப்போது வேறு. மகனிடம் தாளில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அப்போ இவங்களுக்கு வெள்ளம் வந்தா எடம் ஜாஸ்தியாகுங்களா?” என்றான். கேலிக்குக் கேட்டானா, நிஜமாகக் கேட்டானா தெரியவில்லை. அவன் சரக்கு வாங்குகிற பெரிய பையர்களோடு பேசிப் பழகியவன்.

எழுபத்திரண்டு மணி நேரப் பை இப்போது பரணில். விசில் பேரன் கையில், தலை லைட்டு ஓவர்லாக் மிஷினுக்கு. என் பங்குக்கு ஒரு 200 ஜிஎஸ்எம் தார்ப்பாயும், பத்து மீட்டர் நைலான் கயிறும், மூடி போட்ட ஒரு பக்கெட்டும் வாங்கிவைத்திருக்கிறேன். வீட்டுக்காரி அந்தப் பக்கெட்டுக்குள் ரேஷன் கார்டு நகலையும், என் சர்க்கரை மாத்திரையையும் பாலிதீனில் சுற்றிப் போட்டுவிட்டு, இட்லி அரிசி கொட்டிவைக்க அதுதான் தோதாக இருக்கிறது என்று சமையல்கட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

கூடாரத்தை அந்த ஒடிசாப் பையனுக்கே கொடுத்தாயிற்று. வெயில் காலத்தில் ரூமின் தகரக் கூரைக்குள் படுக்க முடியாது என்று எங்கள் மாடியில் அதைக் கட்டிக்கொண்டு, ஷிப்டு மாற்றி மாற்றி நாலைந்து பேர் தூங்குகிறார்கள். ஈரத்தோடு மடித்தால் பூச்சு உரிந்து பூஞ்சை பிடித்துவிடும் என்று மகன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அதனால் தூறல் போட்டால் போதும், அவசர அவசரமாகக் கழற்றிச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாங்கள் நனைந்தபடி கீழே ஓடி வருகிறார்கள்.